நண்டு செய்த சத்தியம்

போன வருடம் அம்பகரத்தூரிலிருந்து காரைக்கால் வரும் பேருந்தில் ஒரு புதுப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாடுகிறவர் செத்துப் பல வருடங்களாகின்றன. முன்சீட்டில் ஓர் அம்மாள் கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்தார். எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. செத்தவர் எப்படிப் புதிதாகப் பாடுவார்? அவருடைய பழைய பாட்டுகளையெல்லாம் ஓர் எந்திரத்துக்கு ஊட்டி, அந்தத் தொண்டையை மட்டும் பிடுங்கி எடுத்திருக்கிறார்கள். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கினோம் என்பார்கள். செத்தவரிடம் வாங்கினீர்களா என்று நான் கேட்பேன். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர், "பாட்டு நல்லாருக்கா இல்லையா, அதச் சொல்லு" என்றார். நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே சந்தேகம் கூடியது. பாட்டு முழுக்க அவர் ஓரிடத்தில்கூட மூச்சு வாங்கவில்லை.

இந்தச் சந்தேகம் என் கூடவே பிறந்தது. புதுப் புத்தகம் கையில் வந்தால் கதைக்குப் போவதற்கு முன் பின்னட்டையைத்தான் படிப்பேன். இவரை ஆகா ஓகோ என்று புகழ்ந்திருப்பவர் யார், அவருடைய புத்தகத்தின் பின்னட்டையில் இவர் புகழ்ந்திருக்கிறாரா என்று தேடுவேன். பெரும்பாலும் புகழ்ந்திருப்பார். சுயசரிதை என்றால் இன்னும் மோசம். அப்பாவைக் குடிகாரர் என்று எழுதியிருந்தால், அந்த அப்பா உயிரோடு இருக்கிறாரா, எழுதியதைப் படித்தாரா என்று யோசித்துக்கொண்டே பக்கம் புரட்டுவேன். வீட்டில் என்னோடு உட்கார்ந்து யாரும் படம் பார்ப்பதில்லை. புதுச்சேரியில் தங்கிப் படிக்கிற என் மகள் விடுமுறைக்கு வந்தால், "அம்மா, நீ வேற ரூமுக்குப் போறியா, நான் போகட்டா?" என்றுதான் கேட்பாள்.

ஆனால் என் பிழைப்பே படம்தான். வெளிநாட்டிலிருந்து வருகிற பொம்மைப் படங்களுக்கு, அனிமேஷன் படங்களுக்கு, தமிழில் வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். சென்னையில் ஒரு டப்பிங் கம்பெனி. நான் காரைக்காலில் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து எழுதி அனுப்புவேன். படத்தில் என் பெயர் வராது. எந்தப் படத்துக்கு எழுதுகிறேன் என்று வெளியே மூச்சுவிடக் கூடாது என்று ஒப்பந்தம். தெருவில் என்னைக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள் என்று சொல்வார்கள். நானும் ஆமாம் என்பேன். இப்போது அந்த வேலை என்னிடம் இல்லை, அதனால் சொல்லலாம்.

வசனம் எழுதுவது என்றால் மொழிபெயர்ப்பு என்று நினைக்கிறார்கள். பாதி வேலை வாய் பார்ப்பது. திரையில் அந்தப் பொம்மையின் உதடு எங்கே ஒட்டுகிறதோ அங்கே நம் வார்த்தையில் ப வர வேண்டும், இல்லையென்றால் ம வர வேண்டும். உதடு மூடியிருக்கும்போது ஆ என்று கேட்டால் பார்க்கிறவர்களுக்குக் குமட்டும். ஒரே வரியைப் பத்து முறை ஓட்டிப் பார்த்து, உதடு ஒட்டும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அந்த இடங்களில் வந்து விழுகிற மாதிரி தமிழைத் தேட வேண்டும்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கடலடிப் படம் வந்தது. அதில் ஒரு நண்டு. கடலுக்கடியில் சந்தை போட்டு மீன் விற்கிறது. கண்ணைச் சுழற்றிச் சுழற்றிப் பொய் சொல்லி, நாறின மீனைத் தலையில் கட்டுகிறது. அது சத்தியம் செய்கிற இடத்தில் அந்த வாய் திரை முழுக்க வருகிறது. நான் எழுதிய வரி, "என்னை நம்புங்க, இன்னிக்குத்தான் வந்த சரக்கு." கம்பெனிக்காரர் திருப்பி அனுப்பினார். வேறு எழுதினேன். அதையும் திருப்பினார். மூன்றாவது முறை போனிலேயே கூப்பிட்டுவிட்டார்.

"வாய் மூடுது மேடம். உங்க வசனம் தொறந்தே கெடக்கு."

எட்டு ஒன்பது இடங்களில் உதடு ஒட்டுகிறது. நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் மீன்கார அக்கா வந்து அன்னக்கூடையை இறக்கினார். கருக்களாச்சேரியிலிருந்து ஷேர் ஆட்டோவில் தெருமுனை வரை வந்து, அங்கிருந்து தலையில் சுமந்து வருவார். பதினொரு வருடமாக எங்கள் தெருவுக்கு அவர்தான் மீன். ஐஸில் கிடந்த மீன் என்றால், "இன்னக்கி ஐசு மீனுதாம்மா, வேணாம்னா விட்டுடுங்க" என்று அவரே சொல்லிவிடுவார். அன்று நல்ல மீன். யாரோ பேரம் பேசியிருக்க வேண்டும். கீழேயிருந்து குரல் வந்தது.

"பெத்த புள்ள மேல சத்தியம், பொழுதுக்கு முன்ன புடிச்ச மீனும்மாஆ."

நான் எழுந்து நின்றுவிட்டேன். பெ, பு, மே, ம், பொ, மு, பு, மீ, ம்மா. ஒவ்வொன்றும் அந்த நண்டின் உதட்டில் போய் அச்சாக உட்கார்ந்தது. கடைசி இழுவையில் நண்டு வாயைப் பிளக்கிறதே, அதுகூடப் பொருந்தியது. எழுதி அனுப்பினேன். கம்பெனிக்காரர் கைதட்டுகிற படம் ஒன்றை அனுப்பினார். குரல் கொடுக்கிற பெண்ணுக்கு இழுவை பிடிபடவில்லை என்றார்கள். நானே மீன்கார அக்காவைப் போலப் பேசி, அந்தப் பெண் கேட்டுப் பழகக் குரல்பதிவு செய்து அனுப்பினேன். பத்து முறை பேசிப் பார்த்துப் பழகி, அவர் 'பொழுதுக்கு' என்கிற இடத்தில் கொஞ்சம் கரகரக்குமே, அதையும் சேர்த்து அனுப்பினேன். அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை. சாயங்காலம் வீட்டுக்காரருக்குப் பேசிக் காட்டினேன். அவரும் சிரித்தார்.

படம் வந்தது, போனது, யாரும் கண்டுகொள்ளவில்லை. பல மாதம் கழித்து அந்த ஒரு வரியை மட்டும் யாரோ வெட்டி எடுத்துப் போட, அது ரீல்ஸில் பற்றிக்கொண்டது. மணமகன் தாலி கட்டும்போது நண்டு சத்தியம். அரசியல்வாதி வாக்குறுதி கொடுக்கும்போது நண்டு சத்தியம். பரோட்டாக் கடைக்காரர், செல்போன் கடைக்காரர், எல்லார் வாயிலும் அதே குரல். கூடவே சண்டையும் கிளம்பியது. கதாநாயகன் மட்டும் செய்தி வாசிக்கிற தமிழ் பேசுகிறான், பொய் சொல்கிற நண்டுக்கு மட்டும் கடற்கரைப் பேச்சா என்று திருவேட்டக்குடிப் பக்கத்து மீனவ இளைஞர்கள் காணொளி போட்டார்கள். நியாயமான கேள்வி. வேறு யாராவது எழுதியிருந்தால் நானே முதல் ஆளாகக் கேட்டிருப்பேன்.

எங்கள் வாசகர் வட்டத்தில் அந்த மாதம் பேசக் கூப்பிட்டார்கள். பாட்டு, புத்தகம், பொம்மைப் படம் மூன்றிலும் இப்போது நடக்கிற சர்ச்சைகளைப் பற்றி என்றார்கள். என் சந்தேகக் குணம் அவர்களுக்குத் தெரியும், கூட்டம் சூடாக இருக்கும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். முடியாது என்று சொன்னால் ஏன் என்று யோசிப்பார்களோ என்று பயந்து ஒத்துக்கொண்டேன். என் மாதிரியே எல்லாரும் யோசிப்பார்கள் என்பது என் நினைப்பு.

நன்றாகப் பேசினேன். அதுதான் வெட்கக்கேடு. செத்த பாடகரின் குரலை எடுத்தவர்களைக் கிழித்தேன். குரல் என்பது ஒரு மனிதர் வாழ்ந்து சேர்த்தது, சளி பிடித்தது, அழுதது எல்லாம் அதில் இருக்கிறது, அதை எடுத்து வேறு வார்த்தைக்குப் போர்த்தினால் அவர் சொல்லாதது அவர் சொன்னதாக ஆகிவிடும் என்றேன். புத்தகத்துக்கு வந்தேன். சொந்தக்காரர்களின் வாழ்க்கையைக் கேட்காமல் எடுத்துப் பரிசு வாங்குகிறவர்களைச் சொன்னேன். எந்திரம் எழுதிக் கொடுத்ததைத் தன் பெயரில் போட்டுக்கொள்கிறவர்களையும் விடவில்லை. பொம்மைப் படத்துக்கு வரும்போது மட்டும் ஓவியத்தைப் பிடித்துக்கொண்டேன். எந்திரம் வரைந்த கையில் ஆறு விரல் இருக்கும், பின்னணியில் நிற்கிற கூட்டத்துக்கு முகமே இருக்காது என்று சொல்லிச் சிரிக்கவைத்தேன். கடைசியில், "இப்போது யார் எதைச் சொன்னாலும், இவரை இப்படிச் சொல்ல வைத்தது யார் என்று பாருங்கள். சொல்கிறவரை நம்பாதீர்கள்" என்று முடித்தேன். கைதட்டல்.

எதிர்வீட்டு லாத்தா கையைத் தூக்கினார். அவர் கணவர் துபாயில் கடை வைத்திருக்கிறார். வட்டத்துக்குத் தவறாமல் வருவார், நிறையப் படிக்கிறவர். முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள், தெருவில் எங்கள் எல்லாருக்குமே அவர் லாத்தாதான்.

"எல்லாம் சரிங்க. அந்த நண்டு பேச்ச எழுதுனது யாரா இருக்கும்? நம்ம மீன்காரவங்க பேசற மாதிரியே இருக்கே."

"சென்னையில் யாராவது உட்கார்ந்து எழுதியிருப்பார்கள், லாத்தா" என்றேன். "அவர்களுக்குக் கடலும் தெரியாது, கடற்கரையும் தெரியாது." இதற்கும் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு தெரு மாறியது. மீன்கார அக்கா குரல் கேட்டதும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் போனை எடுத்துக்கொண்டு வந்தார்கள். நண்டு வசனத்தைப் போட்டுக் காட்டி, "ஒங்கள மாதிரியே பேசுதுக்கா" என்றார்கள். முதல் இரண்டு நாள் அவரும் சிரித்தார். பிறகு அவர் சத்தியம் செய்ய வாயெடுத்தாலே சிரிப்பு. "நண்டு சொல்லிடுச்சு, அப்ப ஐசு மீனுதான்" என்று ஒருத்தி சொன்னாள், விளையாட்டாகத்தான். ஆனால் சொன்ன கையோடு மீனைப் பிடித்து அமுக்கிப் பார்த்தாள். மறுநாள் இன்னொருத்தி மோந்து பார்த்தாள். நான் மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா சத்தியம் செய்வதை விட்டுவிட்டார். பிறகு கூவுவதையும் விட்டுவிட்டார். வாசலில் கூடையை இறக்கிவிட்டுச் சும்மா நிற்பார். யாராவது நல்ல மீனா என்று கேட்டால், "பாத்து எடுத்துக்குங்கம்மா" என்பார். அப்படிச் சொன்னதாலேயே பாதிப் பேர் எடுக்கவில்லை.

நான் மட்டும் எதையும் தொட்டுப் பார்க்காமல் வாங்கினேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் என் திருட்டு முழி தெரிந்துவிடுமோ என்று பயம். அப்புறம் பத்து நாள் அவர் வரவே இல்லை. அவ்வளவுதான், என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது. யார் சொல்லியிருப்பார்கள்? கம்பெனிக்காரர் எங்காவது உளறியிருப்பாரா? வீட்டுக்காரர் டீக்கடையில் பேசியிருப்பாரா? மகள் தோழிகளிடம் பீற்றியிருப்பாளா? லாத்தா அன்று கேட்டது சாதாரணக் கேள்விதானா, இல்லை, தெரிந்துகொண்டே என்னை ஆழம் பார்த்தாரா? வீட்டுக்காரரைக் குறுக்கு விசாரணை செய்து இரண்டு நாள் அவரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. ஓர் ஆள் பத்து நாளாக வருமானமில்லாமல் இருக்கிறாரே, என்ன செய்கிறாரோ என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. இதை எழுதும்போது எனக்கே என்மேல் ஆத்திரம் வருகிறது.

பதினோராம் நாள் காலை பத்து மணிக்கு அவர் வந்தார். கூவவில்லை. கேட்டுக்கு வெளியே கூடையை வைத்துவிட்டு நின்றார். நான் பாத்திரத்தோடு இறங்கிப் போனேன்.

"மீனு அப்பறம் பாக்கலாம்மா. ஒரு சேதி கேக்கணும்."

"உள்ள வாங்கக்கா."

"வாசல்லயே கேட்டுட்டுப் போயிடுறேன். அந்த நண்டு படத்துல வர்ற பேச்சு, அத நீங்களா எழுதுனீங்க?"

என் வாயில் முதலில் வந்தது, "யாரு சொன்னாங்க?" என்பதுதான்.

"யாரும் சொல்லலம்மா. இந்தத் தெருவுல எட்டு வீட்டுக்கு மீன் குடுக்கறேன். ஏழு வீட்டுல அதப் போட்டுக் காட்டிச் சிரிச்சாங்க. நீங்க ஒருத்தங்கதான் அதப் பத்தி வாயே தொறக்கல, எம் மொகத்தையும் பாக்கல."

ஊரையெல்லாம் துருவித் துருவிச் சந்தேகப்பட்டுக் கிடந்தவள் நான். ஆளைப் பிடித்தது அவர்.

"நான் கம்ப்யூட்டர்ல வேற வேல பாக்கறேன்க்கா" என்றேன்.

"சரிம்மா. ஒங்க பொண்ணு மேல சத்தியமா நான் எழுதலன்னு சொல்லிடுங்க. நான் போயிடுறேன்."

சத்தியம், சகுனம் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஒரு வார்த்தையால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று எத்தனையோ பேரிடம் வாதாடியிருக்கிறேன். ஒரே வரி, சொல்லிவிட்டால் அவர் போய்விடுவார், என் வேலையும் பிழைக்கும். மணி பத்து. புதுச்சேரியில் என் மகள் வண்டி ஓட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போகிற நேரம். வாயைத் திறந்தேன். வரவில்லை.

"நான்தான்க்கா எழுதினேன்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"எம் புள்ள போட்டுல கடலுக்குப் போயி இன்னக்கி நாலு நாளாச்சும்மா. அவன் மேல சத்தியம்னு சொல்லிக்கிட்டு ஒரு நண்டு ஊரு பூரா பொய் சொல்லித் திரியுது. எப்புடி எனக்குத் தூக்கம் வரும்?"

"அக்கா, அது ஒங்க புள்ள இல்ல. அந்த நண்டு அதோட புள்ள மேல சத்தியம் பண்ணுது. வெறும் கதைதான்."

"அந்தப் படத்துல நண்டுக்குப் புள்ள இருக்கா?"

அந்தப் படத்தை நாற்பது முறையாவது பார்த்திருப்பேன். முன்னும் பின்னும் ஓட்டி, நிறுத்தி, உதடு உதடாகப் பார்த்தவள். நண்டுக்குப் பிள்ளை கிடையாது. வீடு வாசல்கூடக் கிடையாது.

"இல்லக்கா."

"அப்ப யாரு புள்ள மேல பண்ணுது?"

செத்தவர் குரலைப் பற்றி நான் மேடையில் அரைமணி நேரம் பேசியதில் இந்தக் கேள்வி இல்லை. எனக்கு அழுகை வந்தது. என்மேலேயே பரிதாபப்பட்டு வருகிற அழுகையோ என்று அதன்மேலும் ஒரு சந்தேகம். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். மன்னிப்பை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

"நான் இப்ப என்ன செய்யணும், சொல்லுங்கக்கா."

"அந்த ஏழு வீட்டுக்கும் எங்கூட வாங்க. நண்டு பேச்சு நீங்க எழுதுனது, நான் ஒரு நாளும் பொய்ச் சத்தியம் பண்ணதில்லன்னு நீங்களே ஒங்க வாயால சொல்லுங்க. அது போதும்."

ஒப்பந்தம் நினைவுக்கு வந்தது. வெளியே சொன்னால் வேலை போகும், இந்தத் தெருவில் சொன்னால் சாயங்காலத்துக்குள் சென்னைக்குப் போய்விடும். வாசகர் வட்டத்தில் என் முகம் என்ன ஆகும் என்பதும் நினைவுக்கு வந்தது. உண்மையைச் சொன்னால், இதைத்தான் முதலில் நினைத்தேன். பாத்திரத்தைப் படியில் வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

முதல் வீட்டில் இருந்த பெண்ணுக்கு நான் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. "நெசமாவா? சினிமாவுக்கா எழுதறீங்க? அந்த ஹீரோவுக்குப் பேசுனவர நேர்ல பாத்துருக்கீங்களா?" என்று என்னோடு ஒரு படம் எடுத்துக்கொண்டாள். பின்னால் கூடையோடு நின்றவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்தான் இங்கே விஷயம் என்று இரண்டாம் முறை சொன்னேன். "அக்கா நல்லவங்கதான், யாரு இல்லன்னா" என்றாள். மீன் வாங்கவில்லை. இரண்டாவது வீடு பூட்டியிருந்தது.

மூன்றாவது வீடு லாத்தா வீடு. அவருக்கு விளங்கும் என்று நம்பினேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தார். நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். வசனம் நான் எழுதியது. குரலும் இந்த அக்காவுடையது, அவரைக் கேட்காமல் எடுத்தேன். கூட்டத்தில் நீங்கள் கேட்டபோது பொய் சொன்னேன். இவர் பதினொரு வருடத்தில் ஒரு முறைகூடப் பொய்ச் சத்தியம் செய்ததில்லை.

லாத்தா என்னைப் பார்த்தார். என் தோளுக்குப் பின்னால் நின்ற மீன்கார அக்காவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்து, பரிவாகத்தான் சிரித்தார்.

"பாவம், அவங்க ஏவாரம் படுத்துப் போச்சுன்னு நீங்க பழிய ஏத்துக்கறீங்க. ஒங்க மனசு தெரியுது. ஆனா நீங்கதானே அன்னக்கி சொன்னீங்க, யாரு என்ன சொன்னாலும், சொல்ல வெச்சது யாருன்னு பாக்கணும்னு. அவங்க பின்னாடி நிக்கறாங்க, நீங்க முன்னாடி நின்னு சொல்றீங்க. நான் பச்சப்புள்ளையா?"

"இல்ல லாத்தா, நெசமாவே நான்தான் எழுதினேன்."

"சென்னையில எவரோ எழுதுனதுன்னு ஒங்க வாயாலதானே கேட்டேன்."

எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. நம்பவைக்க வேறு எதுவும் கையில் இல்லை. ஒப்பந்தக் காகிதத்தில்கூடப் படத்தின் பெயர் கிடையாது, எழுதி அனுப்பியதையெல்லாம் வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்பதும் அதில் உண்டு. கால்மணி நேரத்துக்கு முன் பொய்க்கு வராத வாய், உண்மைக்குத் தானாகத் திறந்துகொண்டது.

"பெத்த புள்ள மேல சத்தியம், லாத்தா!"

"அல்லாவே!" என்று லாத்தா வாய்விட்டுச் சிரித்தார். "அச்சு அசலா அந்த நண்டு மாதிரியே சொல்றீங்களே!"

நான் திரும்பிப் பார்த்தேன். மீன்கார அக்கா சிரிக்கவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. குனிந்து கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு நான்காவது வீட்டை நோக்கி நடந்தார். நானும் அவர் பின்னால் போனேன்.